நமக்கு முன் நம் கடிதத்தைப் படிப்பது யார்?

மின்னஞ்சலில் ஒரு கடிதத்தை எழுதி அனுப்பும்போது, அதைப் பெறுநர் ஒருவர்தான் படிக்கப் போகிறார் என்று எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் அவருக்கு முன்பே அக்கடிதத்தின் மீது ஒரு வாசிப்பு நடந்து முடிந்துவிடுகிறது. அனுப்பியவர் யார், எந்த வழியாக வந்தார், என்னென்ன சொற்களைப் புழங்குகிறார், கூடவே எதைச் சுருட்டிக் கட்டி எடுத்து வந்திருக்கிறார் என்றெல்லாம் ஆராய்ந்து, மதிப்பெண் இட்டு, கூடத்துக்குள் விடுவதா, புழக்கடைக்கு அனுப்புவதா, வாசலோடு திருப்பிவிடுவதா என்று முடிவெடுக்கப்படுகிறது. மின்னஞ்சல் வழங்கிகளில் இயங்கும் வடிகட்டி நிரல்களே இந்த முதல் வாசிப்பைச் செய்கின்றன. இலக்கியம் பேசும் இடத்தில் இதற்கென்ன வேலை என்று கேட்கலாம். சிற்றிதழுக்கு வரும் கதை, ஆசிரியருக்கு எழுதப்படும் எதிர்வினை, மொழிபெயர்ப்புக்கான அனுமதி, சந்தா முடிந்துபோன நினைவூட்டல் எல்லாம் இன்று இந்த வாசிப்பைக் கடந்தே வந்தாக வேண்டும். அந்த வாசகனுக்குத் தமிழ் தெரியுமா என்ற கேள்வியைத் தமிழில் எழுதுகிறவர்கள் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்கள்?

கேள்வியை ஒரு மலைக்கிராமத்திலிருந்து தொடங்குவது வசதியாக இருக்கும். கொடைக்கானலின் டால்ஃபின் நோஸ் பாறைக்குக் கீழே, பெரியகுளத்தை அடுத்த கும்பக்கரை அருவிக்கு மேலே, பழனி மலைத்தொடரின் சரிவில் இருக்கிறது வெள்ளகவி. லெப்டினன்ட் வார்டு என்ற ஆங்கிலேய நில அளவையாளர் 1821-ல் இந்த ஊரிலிருந்துதான் மேலேறி, இன்று கொடைக்கானல் என்று நாம் அறியும் மேட்டுநிலத்தை அளந்தார். அமெரிக்க மிஷனரிகள் அங்கே வீடு கட்டிக்கொண்டது 1845-ல். மோட்டார் செல்லத்தக்க மலைச்சாலை வந்தது இருபதாம் நூற்றாண்டில். அதுவரை சமவெளியிலிருந்து அரிசியும் துணியும் கடிதமும் தலைச்சுமையாகவும் பொதிவிலங்குகளின் முதுகிலுமாகவே மேலேறின. கொடைக்கானலுக்குச் சாலை வந்த பின்னும் வெள்ளகவி மோட்டார் வண்டி எட்டாத ஊராகவே மிக நெடுங்காலம் இருந்தது. அவ்வூருக்குப் போகும் பொருள்களைத் தலைச்சுமையாகவோ பொதிவிலங்குகளின் முதுகிலோதான் கொண்டுபோக வேண்டியிருந்தது.

இப்படிப்பட்ட பாதையில் குப்பை ஏறாது. பயனற்ற துண்டறிக்கைகளை ஆயிரக்கணக்கில் கட்டி மலையேற்ற எவரும் முன்வரமாட்டார்கள். சுமக்கிற செலவே வடிகட்டியாக வேலை செய்கிறது. அஞ்சல்துறையின் தபால்தலையும் ஓரளவுக்கு அப்படித்தான். ஒரு கடிதத்துக்கு அனுப்புகிறவர் காசு கொடுக்கிறார். ஆகவே அனுப்பத்தக்கதா என்று ஒரு கணமேனும் யோசிக்கிறார். மின்னஞ்சல் இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்கிவிட்டது. அனுப்புவது ஏறக்குறைய இலவசம். ஒருவருக்கு அனுப்புவதற்கும் பத்து லட்சம் பேருக்கு அனுப்புவதற்கும் அனுப்புகிறவர் தரப்பில் பெரிய வேறுபாடு இல்லை. பாதையில் இல்லாமல்போன சுமையெல்லாம் பெறுகிறவரின் வாசலில் வந்து குவிகிறது.

இது பிற்காலத்தில் வந்த சீரழிவு என்று நினைக்க வேண்டாம். இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில், 1978 மே 3 அன்று, கேரி துர்க் என்ற விற்பனை அலுவலர் தம் நிறுவனத்தின் புதிய கணினிகளைப் பற்றி ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பர மடலை அனுப்பினார். வலையமைப்பே சிறியதாக இருந்த காலம் அது. மடல்களைக் கொண்டுசெல்லும் நெறிமுறையை ஜான் போஸ்டல் எழுதி வெளியிட்டது 1982-ல். ஒருவரையொருவர் அறிந்த ஆய்வாளர்களின் சிறு உலகத்துக்காக எழுதப்பட்ட அந்த நெறிமுறையில், அனுப்புநர் தம் பெயரை என்னவென்று சொல்கிறாரோ அதுவே அவர் பெயர். சரிபார்க்க ஏற்பாடு கிடையாது. பிற்பாடு வந்த வடிகட்டிகள் அனைத்தும் இந்த நம்பிக்கையின் மீது பின்னால் பூட்டப்பட்ட பூட்டுகள்.

*

அந்தப் பூட்டுகள் எவை என்று அறிந்துகொள்வது நல்லது. ஒரு மடல் பெறுநரின் வழங்கியை வந்தடைந்து கதவைத் தட்டும்போது, அது எந்த இணைய முகவரியிலிருந்து வருகிறது என்பதே முதலில் பார்க்கப்படுகிறது. குப்பை அனுப்பிப் பெயர்கெட்ட முகவரிகளின் பட்டியலைப் பொதுவில் வைத்து, எந்த வழங்கியும் கேட்டறிந்துகொள்ளும் முறையை 1997-ல் பால் விக்சி முதலியோர் தொடங்கினார்கள். அடுத்தது ஒரு சிறிய தந்திரம். அறிமுகமில்லாத வழங்கியிடம் ‘இப்போது முடியாது, சற்றுக் கழித்து வா’ என்று சொல்லிப் பார்ப்பது. ஒழுங்கான வழங்கி காத்திருந்து மறுபடி வரும். லட்சக்கணக்கில் இறைத்துவிட்டு ஓடும் குப்பை நிரல் பெரும்பாலும் திரும்பி வராது. இதை 2003-ல் எவன் ஹாரிஸ் முன்வைத்தார். பிறகு, அனுப்புநர் சொல்லும் பெயர் மெய்தானா என்ற சோதனை. ஒரு தளப்பெயரின் உரிமையாளர், தம் பெயரில் மடல் அனுப்ப எந்த வழங்கிகளுக்கு உரிமை உண்டு என்று பொதுவில் அறிவித்து வைக்கலாம், இது எஸ்.பி.எஃப். மடலின் மீது மறைக்குறியீட்டு முத்திரையும் இடலாம், இது டி.கே.ஐ.எம். இவ்விரண்டிலும் தேறாத மடலை என்ன செய்வது என்று அவரே கட்டளை விட்டுவைக்கலாம், இது டி.மார்க்.

இவ்வளவும் உறையின் மேற்புறத்தைப் பார்த்து நடப்பவை. உறையைப் பிரித்தபின் நடப்பது வைரஸ் சோதனை. வைரஸ் என்றதும் மனிதர்களின் ஆசைகளை அறிந்த ஒருவர் 2000-ல் செய்த காரியம் நினைவுக்கு வருகிறது. அந்த ஆண்டு மே 4 அன்று பிலிப்பைன்ஸின் மணிலாவிலிருந்து புறப்பட்ட ‘ஐ லவ் யூ’ என்ற மடல், காதல் கடிதம் என்ற பெயருள்ள இணைப்பைச் சுமந்து வந்தது. இணைப்பின் பெயரில் உரைக்கோப்புக்குரிய ஒட்டு கண்ணுக்குத் தெரியும். அதற்குப் பின்னால் இருந்த, நிரல் என்பதைக் காட்டிக்கொடுக்கும் ஒட்டை விண்டோஸ் தன் வழக்கமான அமைப்பில் மறைத்துவிடும். திறந்தவரின் முகவரிப் புத்தகத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் அது தானே தன்னை அனுப்பிக்கொண்டது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மின்னஞ்சலே நிறுத்திவைக்கப்பட்டது. எழுதியவரைக் கண்டுபிடித்தும் தண்டிக்க முடியவில்லை. அப்போது பிலிப்பைன்ஸில் அதற்கான சட்டமே இல்லை. தெரிந்தவரிடமிருந்து வரும் அன்பான கடிதம் என்பதைவிடச் சிறந்த மாறுவேடம் எது?

வைரஸ் சோதனை நிரல்கள் அடிப்படையில் அடையாள அணிவகுப்பு நடத்துகின்றன. ஏற்கெனவே பிடிபட்ட வைரஸ்களின் கைரேகைகளைப் பட்டியலாக வைத்துக்கொண்டு, வந்த இணைப்பை அவற்றோடு ஒப்பிடுகின்றன. கட்டற்ற மென்பொருளான கிளாம்ஏவி உலகெங்கும் சிறிய வழங்கிகளில் இந்த வேலையைச் செய்துவருகிறது. பட்டியலில் சேராத புதிய வைரஸ் முதல் சில மணி நேரங்களுக்குத் தப்பிவிடும் என்பதால், இயங்கவல்ல கோப்புகளை வகையோடு மறுப்பதும் வழக்கத்துக்கு வந்தது. கடவுச்சொல் இட்டுச் சுருக்கிய கோப்பு வேறொரு சங்கடம். வடிகட்டியால் அதைத் திறந்து பார்க்க முடியாது. கடவுச்சொல்லையும் மடலிலேயே எழுதி அனுப்பும் ஒருவர் உங்களைச் சோதனையிலிருந்து தப்பிக்கச் செய்கிறார் என்றால், யாருடைய நன்மைக்காக என்று யோசிக்க வேண்டும்.

உறையிலும் இணைப்பிலும் தேறிய பின்னரே சொற்களின் முறை வருகிறது. ஜஸ்டின் மேசன் 2001-ல் வெளியிட்ட ஸ்பாம்அசாசின் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நூற்றுக்கணக்கான விதிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். தலைப்பு முழுக்கப் பெரிய எழுத்தா, அதற்குச் சிறிது. மருந்து விற்பனையா, அதற்குச் சிறிது. கூட்டுத்தொகை 5 ஆனால் குப்பை. நிர்வாகி விரும்பினால் இந்த எல்லையை மாற்றலாம். அடுத்த ஆண்டில், அதாவது 2002 ஆகஸ்டில், பால் கிரஹாம் எழுதிய கட்டுரை இத்துறையின் போக்கையே மாற்றியது. விதிகளை மனிதர் எழுத வேண்டியதில்லை. ஒருவருக்கு வந்த நல்ல மடல்களையும் குப்பை மடல்களையும் தனித்தனியே கொடுத்தால், எந்தச் சொல் எந்தக் குவியலில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, புதிய மடல் குப்பையாக இருக்கும் வாய்ப்பைக் கணக்கிட்டுவிடலாம் என்றார். கணக்கின் அடிப்படை, 1761-ல் மறைந்த தாமஸ் பேய்ஸ் என்ற பாதிரியார் விட்டுச்சென்ற நிகழ்தகவுத் தேற்றம். இதில் எனக்குப் பிடித்த ஓரிடம் உண்டு. நல்ல மடல்களில் ஒரு சொல் வந்த எண்ணிக்கையை கிரஹாம் இரண்டால் பெருக்கிக்கொண்டார். ஒரு குப்பை உள்ளே வந்துவிடுவது தொல்லை. ஒரு நல்ல கடிதம் தொலைந்துபோவது இழப்பு. இரண்டும் ஒரே தரத்துப் பிழைகள் ஆகா என்ற அறவுணர்வை அந்தப் பெருக்கல் கணக்கில் பார்க்கிறேன்.

*

தமிழின் கதை தொடங்குவது இந்த இடத்தில்தான். நல்லது எது என்று எண்ணிக் கற்கும் வடிகட்டிக்கு முன்னால், எண்ணுவதற்கு எந்த மொழியின் மடல்கள் வைக்கப்பட்டன?

தொண்ணூறுகளின் இறுதியில் இணையத்தில் தமிழ் எழுதத் தொடங்கியவர்கள் பெரும்பாலும் புலம்பெயர்ந்தவர்கள். சிங்கப்பூர், மலேசியா, ஐரோப்பா, வட அமெரிக்கா என்று சிதறிக் கிடந்தவர்களை இணைத்தது மின்னஞ்சல்தான். பழந்தமிழ் நூல்களை மின்வடிவில் கொண்டுவரும் மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. அதன் தன்னார்வலர்கள் ஒருவரையொருவர் பாராமலே மடல்வழி வேலை செய்தார்கள். அவர்கள் புழங்கிய டிஸ்கி குறியேற்றத்தில், எட்டு பிட் அட்டவணையின் கீழ்ப்பாதியில் ஆங்கிலமும் மேற்பாதியில் தமிழும் இருந்தன. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், தலையில் இரட்டைப் புள்ளியும் கூரையும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் அர்த்தமில்லாமல் நெளியும். அந்தக் காட்சியை அக்காலத்தில் இணையத்தில் உலவிய எவரும் மறந்திருக்க மாட்டார்கள்.

மனிதக் கண்ணுக்கே அப்படி என்றால் வடிகட்டிக்கு எப்படி இருந்திருக்கும்! மின்னஞ்சல் பிறந்தபோது ஏழு பிட் ஆங்கில எழுத்துகளுக்கு மட்டுமே இடம். பிற மொழிகளுக்கான ஏற்பாடு 1992-ல் மைம் தரத்தோடு வந்தது. அதன்படி மடல், தான் எந்தக் குறியேற்றத்தில் எழுதப்பட்டது என்று தலைப்பகுதியில் சொல்ல வேண்டும். டிஸ்கி மடல் என்னவென்று சொல்லும்? உலகப் பதிவேட்டில் அந்தப் பெயர் ஏறியதே 2007-ல்தான். அதற்கு முன், ‘பயனர் வரையறுத்தது’ என்றோ மேற்கு ஐரோப்பிய எழுத்து என்றோ பொய்ப்பெயர் சொல்லித்தான் தமிழ் பயணம் செய்தது. மடலின் தலைப்பு வரியில் மேற்பாதி எழுத்துகள் முறைப்படி மாற்றப்படாமல் நிறைய இருந்தால் ஸ்பாம்அசாசினில் அதற்கென்றே ஒரு விதி மதிப்பெண் கூட்டும். விதியின் பெயரே அவற்றை ‘சட்டவிரோத எழுத்துகள்’ என்கிறது. எந்தெந்த எழுத்துவகைகளில் வரும் மடல்களை ஐயமின்றி ஏற்கலாம் என்று பயனர் குறிக்க ஓர் அமைப்பும் அதில் உண்டு. அதில் தேர்ந்தெடுக்கக் கிடைத்தவை ஆறு: மேற்கத்தியம், ஜப்பானியம், கொரியம், சிரிலிக், தாய், சீனம். தமிழ் எழுத்தை ஏற்றுக்கொள்கிறேன் என்று சொல்ல விரும்பிய ஒருவருக்கு அந்த வரிசையில் சொல்லவே வழியில்லை. ஆறுக்குள் அடங்காத எழுத்துகளின் உலகத்தை அதை எழுதியவர்கள் பகைத்ததாகச் சொல்ல முடியாது. அவர்களுக்கு அப்படி மடல் வந்ததில்லை, அவ்வளவுதான். புறக்கணிப்பு பெரும்பாலும் பகையால் நிகழ்வதில்லை, அறியாமையால் நிகழ்கிறது.

ஒருங்குறி வந்தபின் எல்லாம் சரியாகிவிட்டதா? ஒரு பகுதி சரியானது. தமிழ் தன் பெயரைச் சொல்லிக்கொள்ள முடிந்தது. ஆயினும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டுகள் ஆகும். வெள்ளகவி என்ற ஊர்ப்பெயர் நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து; கணினிக்கு எட்டுக் குறிகள், 24 பைட்டுகள். ஸ்பாம்அசாசினின் பழைய பதிப்புகள், நீண்ட எட்டு பிட் சொற்களை இரண்டிரண்டு பைட்டாக நறுக்கி எண்ணின. கிழக்காசிய எழுத்துகளை மனத்தில் வைத்துச் செய்த ஏற்பாடு அது. மூன்று பைட் எழுத்தை இரண்டிரண்டாக நறுக்கினால் மிஞ்சுவது எழுத்தும் ஆகாது, சொல்லும் ஆகாது. கம்பி அறுந்த வீணையை வைத்து ராகம் கண்டுபிடிக்கச் சொல்வதைப் போன்றது அது.

சொல்லை முழுதாக எண்ணும் வடிகட்டிக்கும் தமிழ் எளிதில் வசப்படாது. ஆங்கிலத்தில் ஒரு சொல் சில வடிவங்களோடு நின்றுவிடும். தமிழில் கதை, கதையை, கதையில், கதையோடு, கதைக்குள், கதையிலிருந்தும், கதையாகவே என்று வேற்றுமையும் இடைச்சொல்லும் ஒட்டி ஒட்டி வளர்ந்துகொண்டே போகும். எண்ணிக் கற்கும் நிரலுக்கு இவை ஒவ்வொன்றும் புதுச்சொல். ஒவ்வொன்றையும் போதிய முறை பார்ப்பதற்கு ஆங்கிலத்தைவிட அதிகமான மடல்கள் தேவை. ஸ்பாம்அசாசினின் கற்கும் பகுதி, குறைந்தது 200 நல்ல மடல்களையும் 200 குப்பை மடல்களையும் காட்டும் வரை தீர்ப்பே சொல்லாது என்பது அதன் வழக்கமான அமைப்பு. தமிழுக்கு அந்த இருநூறு எவ்வளவு தூரம் காணும்? யார் உட்கார்ந்து காட்டினார்கள்? ஆங்கிலக் குப்பையை மட்டும் காட்டி, தமிழ் மடல்களை எந்தக் குவியலிலும் சேர்க்காமல் விட்டால், தமிழ் அதற்குக் கடைசிவரை அந்நியமாகவே இருக்கும்.

இன்று ஜிமெயில் போன்ற பெருவழங்கிகள் கோடிக்கணக்கான பயனர்களின் தீர்ப்புகளிலிருந்து கற்கும் பெரிய இயந்திரங்களை வைத்திருக்கின்றன. அவற்றுக்குத் தமிழ் தெரியும். பழைய கதையை ஏன் கிளற வேண்டும் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. டிஸ்கி காலத்துத் தடைகள் பெரும்பாலும் நீங்கிவிட்டன என்பதை மறுக்கவில்லை. ஆனால் தடை இடம் மாறியிருக்கிறது. 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் மொத்தமாக மடல் அனுப்புகிறவர்களுக்குப் புதிய கட்டுப்பாடுகளை விதித்தன. நாளொன்றுக்கு 5000 மடல்களுக்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புகிறவர், மேலே சொன்ன மூன்று அடையாளச் சான்றுகளையும் வைத்திருக்க வேண்டும். ஒரே சொடுக்கில் விலகும் வசதி தர வேண்டும். குப்பை என்று புகார் செய்கிறவர்களின் விகிதம் 0.3 விழுக்காட்டை எட்டக் கூடாது. சிறிய அளவில் அனுப்புகிறவர்களுக்கும் அடையாளச் சான்று ஒன்றேனும் வேண்டும். பெரு நிறுவனத்துக்கு இது ஒரு பிற்பகல் வேலை. ஆசிரியரே அச்சகத்துக்கும் அஞ்சலகத்துக்கும் அலையும் சிற்றிதழுக்கோ, மலிவான பகிர்வு வழங்கியில் இடம்பிடித்து, அதே முகவரியில் குடியிருக்கும் முகமறியாத குப்பை வணிகரின் பாவத்தையும் சேர்த்துச் சுமக்க நேர்கிறது. அறிவிப்பு மடல் போய்ச் சேரவில்லை என்பது அவருக்குத் தெரிவதுகூட இல்லை.

விகிதக் கணக்கிலும் ஓர் அநீதி உண்டு. ஆயிரம் சந்தாதாரர்களில் மூவர், விலகுவதற்குப் பதிலாகச் சோம்பல் காரணமாகக் குப்பை என்ற பொத்தானை அழுத்தினால் அதுவே 0.3 விழுக்காடு. மூவரின் சோம்பல், எஞ்சியவர்களுக்கு வர வேண்டிய இதழையும் புழக்கடைக்குத் தள்ளிவிடக்கூடும்.

*

நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றுதான். வடிகட்டி வேண்டும், அது இல்லாமல் மின்னஞ்சல் ஒரு நாள்கூட உயிரோடு இராது. ஆனால் அதன் தீர்ப்பு ஓசையில்லாமல் நடக்கக் கூடாது.

நம் பத்திரிகைகளுக்குக் கதை அனுப்பிய தலைமுறைக்கு ஒரு வழக்கம் நினைவிருக்கும். கதையோடு, சுய விலாசம் எழுதித் தபால்தலை ஒட்டிய உறையையும் வைக்க வேண்டும். பிரசுரத்துக்கு ஏற்கப்படாத கதை அந்த உறையில் திரும்பி வரும். தன் கையெழுத்திலேயே தன் விலாசம் எழுதிய உறை வாசலில் வந்து விழும்போது மனம் சுருங்கும். என்றாலும் அது ஒரு பதில். இன்னொரு இதழுக்கு அனுப்பலாம், திருத்தி எழுதலாம், கோபித்துக்கொள்ளலாம். மடல் நெறிமுறையை எழுதியவர்களுக்கும் இந்த மரபு தெரிந்திருந்தது. 2008-ல் திருத்தி வெளியிடப்பட்ட நெறிமுறை, அனுப்பியவருக்குத் தெரிவிக்காமல் மடலைக் கைவிடுவது மிக ஆபத்தானது என்றும், மடல் ஒன்று சேர வேண்டும் அல்லது திரும்ப வேண்டும் என்ற நெடுநாள் எதிர்பார்ப்புக்கு மாறானது என்றும் எச்சரிக்கிறது. குப்பைக்கும் வைரஸுக்கும் பதில் அனுப்பினால், அனுப்புநர் பெயரில் போலியாகப் பயன்பட்ட அப்பாவிக்கு அந்தப் பதில் போய்ச்சேரும் என்பதும் உண்மையே. 2003 ஆகஸ்டில் சோபிக் வைரஸ் பரவியபோது, ‘உங்கள் மடலில் வைரஸ் இருக்கிறது’ என்ற எச்சரிக்கைகள் எதையும் அனுப்பாதவர்களின் பெட்டிகளை நிரப்பின. இதற்கு நிர்வாகிகள் கண்ட நல்ல வழி, மடலை வாங்கிக்கொண்ட பின் திருப்பாமல், வாசலில் உரையாடல் நடக்கும்போதே காரணம் சொல்லி மறுத்துவிடுவது. அப்போது மெய்யான அனுப்புநருக்கு அவருடைய வழங்கியே செய்தி சொல்லிவிடும். போலிக்கு எவரும் பதில் எழுத வேண்டியதில்லை. உறுதியாக வைரஸ் என்று தெரிந்ததை மறுப்பதும், ஐயத்துக்குரியதை அழிக்காமல் தனிப்பெட்டியில் வைத்துப் பயனருக்குப் பட்டியல் அனுப்புவதும், அதிலிருந்து எடுத்துக்கொள்ளும் உரிமையை அவருக்கே தருவதும் கல்லூரிகளும் பதிப்பகங்களும் தங்கள் வழங்கிகளில் கடைப்பிடிக்க வேண்டிய முறை.

சட்டத்தை நம்பி இருக்கவும் வழியில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008-ல் சேர்க்கப்பட்ட 66ஏ பிரிவின் ஓர் உட்பிரிவு, தொல்லை தரவோ, அனுப்பியவர் யார் என்பதில் ஏமாற்றவோ விடுக்கப்படும் மின்னஞ்சலைக் குற்றமாக்கியது. அதே பிரிவின் பிற சொற்கள் கருத்துரிமையை நெரித்ததால், உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் முழுப் பிரிவையும் நீக்கியது. அது சரியான தீர்ப்பு. தொல்லை எது, கருத்து எது என்று பிரிக்கும் அதிகாரத்தைக் காவல் நிலையத்திடம் கொடுக்க முடியாது. தொலைபேசித் தொல்லைகளுக்கு ஒழுங்குமுறை ஆணையம் விதிகள் வகுத்தது. மின்னஞ்சல் குப்பைக்கென்று தனிச்சட்டம் இன்றும் நம்மிடம் இல்லை. ஆக, பிரிக்கும் அதிகாரம் நடைமுறையில் சில பெரு நிறுவனங்களின் இயந்திரங்களிடம் இருக்கிறது. அவற்றுக்கு மேல்முறையீடு செய்யும் இடம், நம் பெட்டியின் அமைப்புகள் பக்கம் ஒன்றுதான்.

அந்தப் பக்கத்தை நம்மில் பலர் திறந்தே பார்ப்பதில்லை. வாரம் ஒருமுறையேனும் குப்பைக் கோப்புறையைத் திறந்து பார்க்க வேண்டும். ஜிமெயிலில் அங்கே விழுந்தது 30 நாளில் தானே அழிந்துவிடும். நல்ல மடல் அங்கே கிடந்தால் படித்துவிட்டு விட்டுவிடாமல், குப்பையில்லை என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அந்த ஒரு சொடுக்குதான் இயந்திரத்துக்கு நாம் நடத்தும் தமிழ்ப்பாடம். நாம் விரும்பும் இதழின் முகவரியைத் தொடர்புகளில் சேர்த்து, அதிலிருந்து வருவதை ஒருபோதும் குப்பைக்கு அனுப்பாதே என்று ஒரு வடிகட்டி விதி எழுதி வைக்கலாம். வேண்டாமென்றால் விலகல் இணைப்பை அழுத்துவதே மரியாதை. நாமே கேட்டுச் சேர்ந்த ஒன்றைக் குப்பை என்று புகார் சொல்வது தவறு. கோப்புப் பெயரின் ஒட்டுகளை மறைக்காமல் காட்டும்படி கணினியை அமைத்துக்கொண்டால், காதல் கடிதம் போன்ற மாறுவேடங்கள் எளிதில் கலையும். பழைய கல்லூரி முகவரிக்கு வருவதைப் புதிய பெட்டிக்குத் தானாகத் திருப்பிவிட்டிருப்பவர்கள், அப்படித் திருப்பும்போது எஸ்.பி.எஃப் சான்று முறிந்து நல்ல மடலும் ஐயத்துக்கு உள்ளாகும் என்பதை அறிந்திருப்பது நல்லது.

இதழ் நடத்துகிறவர்களுக்கும் பொறுப்பு உண்டு. தளப்பெயருக்கு அந்த மூன்று சான்றுகளையும் ஒரு முறை உட்கார்ந்து அமைத்துவிட வேண்டும். கேட்டுச் சேராதவர்களின் முகவரிகளைப் பட்டியலில் ஏற்றக் கூடாது. நல்ல நோக்கத்தோடு அனுப்பினாலும் கேட்காதவருக்கு அது குப்பைதான். இலக்கியம் என்பதால் விலக்குக் கிடையாது. படைப்பு அனுப்புகிறவர்களுக்கு, கிடைத்தது என்று ஒரு வரி பதில் எழுத வேண்டும். பதிலில்லாத மௌனத்தைத் தன் எழுத்தின் மீதான தீர்ப்பாக எடுத்துக்கொண்டு எழுதாமலே போன இளையவர் ஒருவர் இருந்தாலும், அவர் கதையை எந்த ஆசிரியரும் படித்திருக்கவே இல்லை என்பது எவ்வளவு பெரிய அபத்தம்!

வெள்ளகவியில் வேறொரு வழக்கமும் உண்டு. பத்திரிகைகளில் பலமுறை எழுதப்பட்டது. ஊருக்குள் யாரும் செருப்பு அணிவதில்லை. ஊர் மண்ணையே கோயிலாகக் கருதுகிறார்கள். மலையேறி வரும் வெளியூர்க்காரரும் எல்லையிலேயே கழற்றிவிட வேண்டும். அந்த நம்பிக்கையை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் விருப்பம். ஒரு வாசல் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது. விதி என்னவென்று வருகிறவருக்கு முன்கூட்டியே சொல்லப்படுகிறது. சொல்வது ஊர்க்காரர்கள், ஊருக்காக. எல்லோருக்கும் ஒன்றே. நிறைவேற்றினால் உள்ளே வரலாம், இல்லையென்றால் காரணம் தெரிந்து திரும்பலாம். நம் மின்னஞ்சல் வாசல்களில் இந்த நான்கும் இல்லை. விதியை வகுத்தவர் வேறெங்கோ இருக்கிறார். அவர் மொழி வேறு. விதி தினந்தோறும் மாறுகிறது. திரும்பியவருக்குத் தாம் திரும்பியதே தெரிவதில்லை.

அந்த விதிகளை முழுவதும் நம் கைக்குக் கொண்டுவர நம்மால் இயலாது. ஆனால் கடைசித் தீர்ப்பை வாசகரே சொல்லலாம் என்ற அளவுக்கு அமைப்புகள் இன்னும் இடம் விட்டு வைத்திருக்கின்றன. அதைப் பயன்படுத்தாமல் இருந்தால், எதைப் படிக்கலாம் என்று இயந்திரம் சொல்வதை மட்டும் படிக்கிறவர்களாக ஆகிவிடுவோம். இதை வாசித்து முடித்ததும் உங்கள் குப்பைக் கோப்புறையை ஒருமுறை திறந்து பாருங்கள். மருந்து வியாபாரிகளுக்கும் பரிசுச்சீட்டு மோசடிக்காரர்களுக்கும் நடுவில், தமிழில் தலைப்பிட்ட மடல் ஏதேனும் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் எடுத்துப் படியுங்கள். எழுதியவருக்கு இரண்டு வரி பதிலும் போடுங்கள்.